சத்தத்தை நகர்த்துவதற்கு முன் ஒரு தடவை அளந்து பாருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டீவிக்குப் பின்னால் சின்னதாய் ஒரு கொம்பியூட்டரை மாட்டி, அதில் பிள்ளைகளுக்குப் பாடமும் பயானும் கார்ட்டூனும் போட்டுக் கொடுக்கும் வீட்டார் பொறுமையாக வாசியுங்கள். ரிப்பெயார் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கட்டாயம் வாசியுங்கள். கோபம் வந்தாலும் பரவாயில்லை.

விடயம் இதுதான். திரையில் இருப்பவர் வாயை மூடிய பிறகு சத்தம் வருகிறது. அல்லது சத்தம் வந்த பிறகு வாய் திறக்கிறது. நம் வீடுகளில் இதை ஒரு குறையாக எடுத்துச் சொல்பவர்களே குறைவு. சொன்னால் கிடைக்கும் பதில்கள் எங்களுக்கு மனப்பாடம். "பழகிடும் சேர்." "சவுண்ட கொஞ்சம் தள்ளி விடுங்க." "போர்ட் போயிட்டு, புதுசு ஒண்டு எடுங்க." மூன்றுக்கும் பொதுவான ஒரு குணம் இருக்கிறது. சொல்கிற யாருமே எதையும் பார்க்காமல்தான் சொல்கிறார்கள்.

எங்கள் பாடசாலையில் நாங்கள் நாலு பேர், பின்னேரங்களில் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய் இந்தப் பெட்டிகளைப் பார்த்து வருகிறோம். பெரும்பாலும் ராஸ்பெரி பை, அதில் கோடி. (கோடி என்பது செயலியின் பெயர். பணத்தைப் பற்றிப் பேசவில்லை.) பழுதான போர்டை விட, பழுதென்று தீர்ப்புச் சொல்லப்பட்ட நல்ல போர்டைத்தான் அதிகம் கண்டிருக்கிறோம். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில், இது ஏன் சின்ன விடயமில்லை என்று சொல்லிவிடுகிறோம்.

தெரிந்த மொழியில் ஒருவர் பேசும்போது வாயைப் பார்க்காமலே நமக்கு விளங்கும். கேட்காமல் விட்டதை மூளை நிரப்பிக்கொள்ளும். புதிதாக ஒரு மொழியைப் பிடிக்கும் பிள்ளையிடம் நிரப்புவதற்கு ஒன்றுமில்லை. அது காதோடு சேர்த்துக் கண்ணாலும் கேட்கிறது. குர்ஆன் ஓதப் பழகும் பிள்ளையை எடுங்கள். பா, மீம் இரண்டுக்கும் உதடுகள் மூடித் திறக்கும். வாவுக்குக் குவியும். ஃபாவுக்கு மேல் முன்பல்லின் ஓரம் கீழுதட்டைத் தொடும். அலிஃப், பா, தாவுக்கு அடுத்து வரும் நாலாவது எழுத்துக்கு நாக்கின் நுனி முன்பல்லின் ஓரத்துக்கு வரும், ஸீனுக்கு வராது. நம் தமிழ் நாக்குக்கு இரண்டும் 'ஸ' தான். காதால் மட்டும் கேட்டு அந்த வித்தியாசத்தைப் பிடிப்பது வளர்ந்தவர்களுக்கே கஷ்டம். உஸ்தாத் பிள்ளையை முன்னால் உட்கார வைத்து "என் வாயைப் பார்" என்று சொல்வது சும்மா இல்லை. 2020 மார்ச்சில் எல்லாவற்றையும் மூடியபோது அந்த வாய் திரைக்குள் போனது. பல வீடுகளில் இன்னும் திரைக்குள்ளேதான் இருக்கிறது.

ஆங்கிலத்திலும் இதே கதைதான். 'பேன்' என்பதற்கும் 'ஃபேன்' என்பதற்கும் இடையில் இருப்பது கீழுதட்டின் ஒரு அசைவு. 'வி'யும் 'டபிள்யூ'வும் தமிழில் ஒரே 'வ'. வாயைப் பார்த்தால் ஒரு நொடியில் புரிவதை, வாய் பிந்தி வந்தால் நாங்கள் கரும்பலகையில் ஒரு கிழமை சொல்லியும் புரிய வைக்க முடிவதில்லை. காதுக்குக் கருவி போட்டுக்கொண்டு சாதாரண வகுப்பில் படிக்கும் பிள்ளைகளும் நம் பாடசாலைகளில் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளைக்கு உதடுதான் பாதிப் பாடம். அதன் வீட்டில் சத்தம் கால் செக்கன் பிந்தி வந்தால், பிள்ளையிடம் இருக்கும் இரண்டு உதவிகளும் ஒன்றை ஒன்று பொய்யாக்குகின்றன.

கண் காதை எப்படி ஆள்கிறது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. 1976இல் ஹரி மக்கேர்க், ஜோன் மக்டொனால்ட் என்ற இருவர் நேச்சர் சஞ்சிகையில் எழுதியது. 'பா' என்ற சத்தத்தை 'கா' என்று அசையும் வாயோடு சேர்த்துக் காட்டினார்கள். பார்த்த பலருக்கு இரண்டுமே கேட்கவில்லை. 'டா' என்று கேட்டது. கண்ணை மூடினால் 'பா'. திறந்தால் மீண்டும் 'டா'. ஆக, வாயும் சத்தமும் ஒத்துப் போகாத இடத்தில் பிள்ளை "கவனமில்லாமல்" தவறாகக் கேட்பதில்லை. மூளை தன் வேலையைச் சரியாகச் செய்வதால்தான் தவறாகக் கேட்கிறது. அந்தப் பிள்ளைக்கு "கவனம் போதாது" என்று முன்னேற்ற அறிக்கையில் எழுதும் ஆசிரியர்களும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

எவ்வளவு பிந்தினால் தெரியும்? சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் ஒளிபரப்பாளர்களுக்காக வெளியிட்ட பரிந்துரையில் இதற்கு அளவு இருக்கிறது. சத்தம் படத்தை 45 மில்லி செக்கன் முந்தினாலே மனிதருக்குத் தெரியத் தொடங்கும். பிந்தினால் 125 மில்லி செக்கன் வரை தெரியாது. சகிக்கக்கூடிய எல்லை, முந்துவதற்கு 90, பிந்துவதற்கு 185. ஏன் இரண்டுக்கும் வேறு வேறு எல்லை? மைதானத்தின் ஓரத்தில் நின்று கிரிக்கெட் பார்த்தவருக்குத் தெரியும். மட்டை பந்தில் படுவது முதலில் தெரியும், 'டக்' பிறகு கேட்கும். சத்தம் செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர்தான் போகும். 70 மீற்றர் தூரத்தில் ஐந்தில் ஒரு செக்கன் பிந்திவிடும். சத்தம் பிந்துவது உலகத்தில் வழக்கமானது, கண்ணும் காதும் அதற்குப் பழகியவை. சத்தம் முந்துவது உலகத்தில் எங்கும் நடக்காதது. ஆகவே "முந்துகிறதா, பிந்துகிறதா" என்பது முதலாவதாகக் கேட்க வேண்டிய கேள்வி. நாங்கள் போன வீடுகளில் எந்தக் கடைக்காரரும் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவில்லை.

"பழகிடும்" என்பவர்களுக்கு ஒன்றை ஒப்புக்கொள்கிறோம். ஒரே அளவில், மாறாமல், சிறிதளவு பிந்தினால் மூளை உண்மையிலேயே கொஞ்சம் பழகிக்கொள்ளும். அதுவும் ஓரளவுக்குத்தான். காலையில் கார்ட்டூனில் ஒரு அளவு, பின்னேரம் பாடத்தில் இன்னொரு அளவு, படம் முடியும் நேரத்தில் வேறொரு அளவு என்றால் எதற்குப் பழகுவது?

இனி "சவுண்ட கொஞ்சம் தள்ளி விடுங்க" என்ற வைத்தியத்துக்கு வருவோம். எங்கள் முக்கியமான சண்டை இதனோடுதான்.

கோடியில் வீடியோ ஓடும்போது ஒலி அமைப்பைத் திறந்தால் சத்தத்தை முன்னுக்கோ பின்னுக்கோ நகர்த்தலாம். கணினியில் வீஎல்சி என்றால் ஜே, கே என்ற இரண்டு எழுத்துகள், ஒரு தட்டுக்கு 50 மில்லி செக்கன். நல்ல வசதி. ஆனால் இது காய்ச்சல் பார்க்கும் கருவி மாதிரி. எவ்வளவு பிழை, எந்தப் பக்கம் பிழை என்று அளப்பதற்குத்தான் முதலில் பயன்படுத்த வேண்டும். நம் ஊரில் இதையே மருந்தாகக் கொடுக்கிறார்கள். அதிலும் மோசம், "எல்லா வீடியோவுக்கும் இதையே வை" என்று ஒரு தெரிவு அங்கே இருக்கிறது. அதை அமுக்கிவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

ஒரு பிள்ளையின் வீட்டில் நடந்தது. அவர்களிடம் ஒரு புளூடூத் ஸ்பீக்கர் இருந்தது. டவுனில் ஒரு கடையிலிருந்து வந்த தம்பி சத்தத்தைக் கால் செக்கனுக்கு மேல் முன்னுக்குத் தள்ளி, எல்லாவற்றுக்கும் அதையே வைத்துவிட்டுப் போனார். ஸ்பீக்கரில் எல்லாம் அழகாய் ஒத்துப் போனது. இரண்டு மாதத்தில் ஸ்பீக்கரின் பற்றரி போய், டீவியின் சத்தத்திலேயே பார்க்கத் தொடங்கினார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒவ்வொரு வீடியோவிலும் சத்தம் கால் செக்கன் முந்திக்கொண்டு வந்தது. மேலே சொன்ன எல்லையைப் பாருங்கள். அது எந்த மனிதருக்கும் பழகாத அளவு. அதே கடையில் கேட்டபோது கிடைத்த பதில், "போர்ட் போயிட்டு". அந்த நம்பரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர ரிமோட்டில் நாலு அமுக்கு போதுமாக இருந்தது. வாப்பா புதுப் பெட்டிக்கு முற்பணம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

புளூடூத் சத்தத்தைப் பொதி கட்டி, அனுப்பி, அவிழ்த்துத்தான் ஒலிக்கும். சாதாரண ஸ்பீக்கரில் 100 முதல் 300 மில்லி செக்கன் வரை அதற்கே போய்விடும். அது எப்போதும் பிந்தும், ஒருபோதும் முந்தாது. இங்கே நகர்த்துவது நியாயம்தான், அந்த ஸ்பீக்கர் இருக்கும் வரைக்கும். ஆனால் பாருங்கள், டீவிக்குள்ளும் சவுண்ட்பாருக்குள்ளும் 'லிப் சிங்க்' என்று ஒன்று இருக்கும். அநேகமான டீவிகளில் அது சத்தத்தை இன்னும் பிந்தத்தான் வைக்கும், முந்த வைக்காது. ஏற்கெனவே பிந்திய சத்தத்தை அந்த நம்பரால் திருத்த நினைத்து, நோயைக் கூட்டிவிட்டு, "எவ்வளவு மாத்தியும் சரி வரேல்ல" என்று பெட்டியைத் தூக்கிக் கடைக்குக் கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறோம். வயர் ஒன்றை வாங்கி மாட்டுங்கள். ஒரு வயரின் காசில் தீரும் கதை.

அப்படியானால் சரியாகப் பார்ப்பது எப்படி? நாங்கள் செய்வதைச் சொல்கிறோம். இதில் ரகசியம் எதுவுமில்லை.

எல்லாவற்றையும் கழற்றி விடுங்கள். ஸ்பீக்கர், சவுண்ட்பார், புளூடூத் எதுவும் வேண்டாம். பெட்டியிலிருந்து ஒரே ஒரு எச்டிஎம்ஐ வயர் டீவிக்கு, சத்தம் டீவியின் வாயிலிருந்தே. கோடியில் நகர்த்திய அளவைப் பூச்சியமாக்குங்கள். டீவியிலும் அப்படியே. இப்போது வெள்ளை வெளிச்சமும் 'பீப்' சத்தமும் ஒரே கணத்தில் வரும் ஒரு சின்ன வீடியோவைப் போடுங்கள். இது ஒத்துப் போனால் பெட்டி குற்றவாளியில்லை. கழற்றியதை ஒவ்வொன்றாகத் திருப்பி மாட்டுங்கள். எதை மாட்டும்போது விலகுகிறதோ அதுதான் ஆள்.

பல வீடுகளில் ஆள் டீவிதான். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஏனென்றால் டீவி பெரியது, விலை கூடியது. பெட்டி உள்ளங்கையளவு. பழி எப்போதும் சின்னவன் மேல்தான் விழும். ஆனால் இப்போதைய டீவிகள் வந்த படத்தை வந்தபடி காட்டுவதில்லை. அசைவை மிருதுவாக்கி, நிறத்தைக் கூட்டி, இடையில் தானே புதுப் படங்களைக் கற்பனை செய்து செருகி, பிறகுதான் காட்டும். அதற்கு நேரம் போகும். சத்தம் டீவியின் ஸ்பீக்கரிலேயே வந்தால் அதையும் அதே அளவு பிடித்து வைத்து ஒன்றாக விடும். நீங்கள் சத்தத்தைப் பெட்டியின் ஓட்டையிலிருந்து நேராக வேறு ஸ்பீக்கருக்கு எடுத்தால், டீவிக்கு அது தெரியாது. சத்தம் முன்னால் ஓடிவிடும், படம் பின்னால் வரும். மருந்து டீவியின் ரிமோட்டிலேயே இருக்கிறது: 'கேம் மோட்' போடுங்கள், அசைவை மிருதுவாக்குவதை நிறுத்துங்கள். கேம் மோட் என்ற பெயரைப் பார்த்து "எங்கட வீட்டில கேம் இல்ல சேர்" என்று அதை மூடி வைத்த உம்மாமாரும் உண்டு. அவர்கள் மேல் பிழையில்லை. பெயர் வைத்தவர்கள் மேல்தான் பிழை.

சவுண்ட்பாரை டீவியோடு எச்டிஎம்ஐயில் இணைத்தவர்கள், டீவியின் ஒலி வெளியீட்டை 'பீசிஎம்' என்பதில் வைத்துப் பாருங்கள். இரண்டு காது ஸ்பீக்கருக்கு டொல்பியை அவிழ்த்துக்கொண்டிருப்பதில் ஒரு இலாபமும் இல்லை, தாமதம்தான் மிச்சம். எச்டிஎம்ஐயில் தானாக உதட்டைச் சரி செய்யும் ஏற்பாடு 2006இல் வந்த 1.3 பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் செய்பவர் விரும்பினால் வைக்கலாம் என்றுதான் விட்டார்கள். ஆகவே அட்டையில் எழுதியிருப்பதை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்த கேள்வி: பிழை நிற்கிறதா, வளர்கிறதா? வீடியோவின் தொடக்கத்தில் பாருங்கள், நடுவில் பாருங்கள், கடைசியில் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே அளவு என்றால் மேலே சொன்ன வயர், டீவி, ஸ்பீக்கர் பக்கம் தேடுங்கள். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போகக் கூடினால், பெட்டியைத் தொட வேண்டாம். வீடியோவிலேயே நோய் இருக்கிறது. எந்த செட்டிங்ஸும் அதைத் தீர்க்காது; தொடக்கத்தில் சரி செய்தால் முடிவில் பிழைக்கும், முடிவில் சரி செய்தால் தொடக்கத்தில் பிழைக்கும்.

வேறு மொழிச் சத்தம் ஒட்டிய கார்ட்டூன்களில் இது வழமை. படம் செக்கனுக்கு 23.976 சட்டகம், ஒட்டிய சத்தம் 24 சட்டகப் பிரதியிலிருந்து எடுத்தது. ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம். ஒன்றுமில்லை போலத் தெரியும். ஒரு மணித்தியாலத்தில் 3.6 செக்கன் சத்தம் முந்திவிடும். கதாநாயகன் விழுவதற்கு முன்பே விழுந்த சத்தம். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவசச் செயலியில் ஒலித்தடத்தை நீட்டுவதற்கு இடம் இருக்கிறது. கணினியில் ஒரு தடவை செய்தால் முடிந்தது.

இதில் இன்னொரு வகை இருக்கிறது. அதைச் செய்பவர்கள் நம் ஆசிரியர் சமூகம்தான். சொல்லாமல் விட்டால் அநியாயம். ஃபோனில் பாடம் பதிந்து, வெட்டி ஒட்டி, வட்ஸ்அப் குழுவில் போடுகிறார்கள். முதல் ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும். இருபதாவது நிமிடத்தில் ஆசிரியர் வாய் மூடியிருக்க விளக்கம் ஓடிக்கொண்டிருக்கும். காரணம், ஃபோன் செக்கனுக்கு இத்தனை சட்டகம் என்று ஒழுங்காகப் பதிவதில்லை. வெளிச்சம் குறைந்தால் எண்ணிக்கையைத் தானே குறைத்துக்கொள்ளும். வெட்டி ஒட்டும் செயலி அதை ஒரே சீராக 30 என்று நினைத்துக்கொண்டால், படம் ஒரு கணக்கில் போகும், சத்தம் வேறு கணக்கில் போகும். வெட்டுவதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் செயலியில் போட்டு, சட்டக வேகத்தை 'மாறாதது' என்று வைத்து ஒரு தடவை மாற்றி எடுங்கள். அதற்கும் நேரமில்லையென்றால் ஜன்னலைத் திறந்து, விளக்கைப் போட்டுப் பதியுங்கள்; பாதி நோய் அங்கேயே போகும். அனுப்பும் முன் கடைசி ஒரு நிமிடத்தைப் பாருங்கள். முப்பத்தைந்து பிள்ளைகளுக்கு அனுப்பும் ஒன்றைக் கடைசி வரை பார்க்காமல் அனுப்புவதற்கு என்ன சமாதானம்? "பிள்ளைகளுக்கு விளங்கினாப் போதும்" என்கிறார்கள். விளங்கியதா என்று யார் போய்ப் பார்த்தது?

இனி உண்மையிலேயே பெட்டியின் பக்கம் பிழை உள்ள வகை. இதையும் ஒளிக்கவில்லை. சத்தம் தடையின்றிப் போகிறது, படம் திக்கித் திக்கிப் பின்தங்குகிறது, பிறகு ஒரு தாவு தாவிச் சேர்ந்துகொள்கிறது. அநேகமான பிளேயர்கள் சத்தத்தைத்தான் கடிகாரமாக வைத்திருக்கும். சத்தம் ஒரு கணம் அறுந்தாலும் காது கண்டுபிடிக்கும், படம் ஒரு சட்டகம் விடுபட்டால் கண் மன்னிக்கும் என்பது அதன் கணக்கு. பெட்டிக்கு மூச்சு வாங்கும்போது படங்களைக் கைவிட்டுக்கொண்டே சத்தத்தைத் துரத்தும். இங்கே சத்தத்தைத் தள்ளி வைப்பது, களைத்து ஓடுகிறவனுக்காகக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பது மாதிரி.

அவனுக்கு ஏன் மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். எங்கள் அனுபவத்தில் முதல் காரணம் கரண்ட். பெட்டியை டீவியின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி ஓட்டையில் செருகியிருப்பார்கள். வயர் மிச்சம், பார்க்கவும் அழகு. சாதாரண யூஎஸ்பி 2.0 ஓட்டைக்கு விதித்த அளவு அரை அம்பியர். ராஸ்பெரி பை 3 கேட்பது 2.5 அம்பியர், பை 4 கேட்பது 3 அம்பியர். ஐந்து பேரின் சோற்றுக்கு ஒரு பேரின் அரிசி. திரையின் மூலையில் சின்னதாய் ஒரு மின்னல் அடையாளம் வந்து வந்து போகும். "அது என்ன சேர், டிசைனா?" என்று கேட்ட வீடுகள் உண்டு. அது பெட்டி பசியில் அழுவது. மின்னழுத்தம் சுமார் 4.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் அந்த அடையாளம் வரும், கூடவே பெட்டி தன் வேகத்தையும் இறக்கிக்கொள்ளும். பை 3 என்றால் 1.2 கிகாஹேர்ட்ஸிலிருந்து பாதிக்கு, 600 மெகாஹேர்ட்ஸுக்கு. பாதி வேகத்தில் முழுப் படத்தை எப்படிக் காட்டும்? பழைய ஃபோன் சார்ஜரும் நீளமான மெல்லிய வயரும் இதே வேலையைத்தான் செய்யும்; சார்ஜரில் 2 அம்பியர் என்று எழுதியிருந்தாலும் மெல்லிய வயரில் பாதி வழியிலேயே அழுத்தம் விழுந்துவிடும். தடித்த, குட்டையான வயரோடு பொருத்தமான அடப்டர் ஒன்றை மாட்டிவிட்டு, பிறகு பேசுங்கள்.

அடுத்தது சூடு. நம் காலநிலையில், டீவியின் முதுகோடு ஒட்டி, பிளாஸ்டிக் பெட்டிக்குள் மூடி, மேலே ஒரு துணியும் போட்டால் அது என்ன செய்யும்? 80 பாகை செல்சியஸைத் தாண்டினால் தானே வேகத்தைக் குறைக்கும். பகலில் திக்கி, இரவில் நன்றாக ஓடுகிறதென்றால் சந்தேகமே வேண்டாம். மூடியைக் கழற்றி, காற்றுப் படும் இடத்துக்கு மாற்றி, அலுமினியத் தகடு ஒன்றை ஒட்டுங்கள்.

இவை இரண்டும் இல்லையென்றால் கடைசியாக வீடியோவின் வகை. பை 3க்கு எச்.264 வகை வீடியோவை அவிழ்க்க உள்ளே தனி உறுப்பு இருக்கிறது. எச்.265க்கு இல்லை. அது பை 4இல்தான் வந்தது. ஆகவே புதிய வகை வீடியோவைப் பழைய பெட்டியில் போட்டுவிட்டு "ஸ்லோ ஆகிட்டு" என்று சொல்வது, பெட்டியின் மேல் சுமத்தும் பழி. அதே பாடத்தை எச்.264 வகையில், 720 அளவில் மாற்றிப் போட்டால் தண்ணீர் போல ஓடும். பாடம் பார்ப்பதற்கு 4கே எதற்கு? கரும்பலகையில் உள்ள சோக்குத் தூளை எண்ணுவதற்கா?

கோடியில் திரையின் புதுப்பிப்பு வேகத்தை வீடியோவுக்கு ஏற்ப மாற்றும் வசதியைப் போட்டவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். டீவியின் தாமதம் 24இல் ஒன்று, 50இல் ஒன்று, 60இல் ஒன்று என்று மாறக்கூடும். "இந்திப் படம் சரி, பாடம் பிழை" என்பதன் காரணம் சிலவேளை இதுதான். கோடியின் மேலதிக அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வேகத்துக்கும் தனித் தாமதம் எழுத இடம் இருக்கிறது. இவ்வளவு தூரம் வந்தவர்கள் மிகக் குறைவு. அதற்கு முன்பே பத்தில் ஒன்பது வீட்டின் பிரச்சினை யூஎஸ்பி ஓட்டையிலோ புளூடூத்திலோ டீவியிலோ முடிந்துவிடுகிறது.

கடைக்காரச் சகோதரர்கள் கேட்பார்கள், "இதையெல்லாம் பாத்துக்கொண்டிருந்தா நாங்க எப்ப உழைக்கிற?" நியாயமான கேள்வி. பார்ப்பதற்குக் காசு வாங்குங்கள். அரை மணித்தியாலம் உட்கார்ந்து பார்த்த கூலி என்று கேட்டால் நாங்கள் தருவோம், மற்றவர்களையும் தரச் சொல்வோம். உடம்பைத் தொட்டுப் பார்க்காமல் மருந்து எழுதும் டொக்டரிடம் நீங்கள் போவீர்களா? பார்க்காமலே "போர்ட் போயிட்டு" என்று சொல்லி, நல்ல போர்டைப் பாதி விலைக்கு எடுத்து, துடைத்து, அடுத்தவருக்கு விற்பதைத்தான் கேட்கிறோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்ட நாட்டில், ஒரு குடும்பம் இந்தப் பெட்டியை இரண்டாம் தடவை வாங்குவது என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியும். அந்தக் காசு பல வீடுகளில் பிள்ளையின் சப்பாத்து, பஸ் காசு.

பெற்றோர்கள் சிலர் வேறு விதமாகச் சொல்கிறார்கள். "நாட்டில எவ்வளவு பிரச்சினை, நீங்க உதட்டப் பத்திப் பேசுறீங்க." பெரிய பிரச்சினைகளைத் தீர்க்கும் அதிகாரம் நம் கையில் இல்லை. இந்த வயரைக் கழற்றி மாட்டும் அதிகாரம் இருக்கிறது. கையில் இருப்பதைச் செய்யாமல் கையில் இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது நமக்கு மிகவும் பிடித்த பொழுதுபோக்கு என்பது வேறு கதை. இன்னும் சிலர், "இது டெக்னிக்கல் ஆக்கள்ர வேல" என்கிறார்கள். இதில் டெக்னிக்கல் எங்கே இருக்கிறது? எது முந்துகிறது என்று பார்ப்பதற்கு இரண்டு கண்ணும் இரண்டு காதும் போதும். தரம் ஐந்து பிள்ளைகளுக்கு இந்த 'பீப்' வீடியோவைப் போட்டுக் காட்டினோம். நம்மை விடச் சரியாகச் சொன்னார்கள்.

அந்த வீடியோவை நாங்களே செய்து வைத்திருக்கிறோம். இரண்டு செக்கனுக்கு ஒரு தடவை திரை வெளுக்கும், 'பீப்' கேட்கும். ஒரு நிமிட நீளம், எச்.264 வகை, எந்தப் பழைய பெட்டியிலும் ஓடும். காசு இல்லை. தேவையானவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். கேட்கும்போது டீவியின் விலையையும் எத்தனை அங்குலம் என்பதையும் எழுத வேண்டாம். சத்தம் முந்துகிறதா பிந்துகிறதா, போகப் போகக் கூடுகிறதா அப்படியே நிற்கிறதா, அதே வீடியோ வேறொரு கணினியில் எப்படி ஓடுகிறது, மூலையில் மின்னல் அடையாளம் வருகிறதா என்று மட்டும் எழுதுங்கள். "சவுண்ட் சரியில்ல சேர்" என்று மட்டும் வருகிற செய்திக்கு எங்களிடம் பதில் இல்லை.